நெறி கட்டியது லிம்ஃபோமா என்கிறார்கள், ட்ரையலில் சேரச் சொல்கிறார்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பெரியப்பா பாம்பனில் வலை கட்டுபவர். கடலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடமாகிறது. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலைக்குக் கண் கோப்பதுதான் இப்போது வேலை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியபோது "பல்லுல சொத்தை இருக்கும்" என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்தே எட்டு மாதத்தை ஓட்டினார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அக்குளிலும் ஒன்று புடைத்த பிறகுதான் மதுரைக்குப் போனார். பயாப்சி எடுத்து, ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்றார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை. பத்து நாள் கழித்து, "ஒரு ட்ரையல் இருக்கு, சேருறீங்களா?" என்ற கேள்வியோடு இருபத்திரண்டு பக்கக் கோப்பு ஒன்று கைக்கு வந்தது. ட்ரையல் என்றால் நோயாளிகளிடம் சிகிச்சையைக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வு.

வீடு இரண்டாகப் பிரிந்தது. "நாம என்ன சோதனை எலியா?" என்றார் பெரியம்மா. "மருந்து இலவசமாம், நாளைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்றார் அண்ணன். எதிரெதிராகப் பேசினாலும் இருவருக்கும் இருந்தது ஒரே அவசரம்.

நான் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடம் இத்தகைய ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன். படிவத்தை நீட்டும் பக்கத்தில் உட்கார்ந்தவன். பெரியப்பாவுக்காகத்தான் முதல்முறை மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கோப்பு வேறு மாதிரித் தெரிகிறது. இந்த நோயில் நம் கையில் உள்ள பெரிய சொத்து நேரம். மெதுவாக வளரும் லிம்ஃபோமாவில் ஓரிரு வாரம் யோசித்து முடிவெடுப்பதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடாது. அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: நோயின் முழுப் பெயரை வாங்குங்கள்

"ரத்தப் புற்றுநோய் மாதிரி ஒண்ணு" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். லிம்ஃபோமாவில் பல வகை உண்டு. மெதுவாக வளர்பவற்றில் ஃபாலிக்குலர்தான் அதிகம் காணப்படுவது. மார்ஜினல் ஸோன், வால்டன்ஸ்ட்ராம் என்று வேறு சிலவும் இருக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைக்கு மட்டுமே என்பதால் பெயர் மாறினால் எல்லாமே மாறும்.

ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கும் சோதனை மட்டும் இதற்குப் போதாது. முடிந்தவரை முழு நெறியையும் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். நம் பக்கம் கழுத்தில் நெறி என்றதும் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான் விழும். அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் சோதனையில் உறுதியாகாமலே ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைக்கு நெறி கரையவில்லை என்றால் பயாப்சியைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையில் சி.டி.20 என்ற வரியைத் தேடுங்கள். இந்த நோயின் அணுக்கள் மேல் இருக்கும் ஒரு அடையாளம் அது. சிகிச்சையின் முக்கிய மருந்து அதைப் பிடித்துத்தான் வேலை செய்யும். கிரேடு (நோயின் தீவிரம்), ஸ்டேஜ் (எவ்வளவு பரவியிருக்கிறது) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பயாப்சித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். ட்ரையலில் மறுபடியும் அதைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பெரியப்பாவின் மெழுகுக் கட்டியைத் தேடியே ஒன்பது நாள் போனது.

இரண்டாம் படி: இப்போதே மருந்து வேண்டுமா?

புற்றுநோய் என்று சொல்லிவிட்டு "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினால் யாருக்கும் கோபம்தான் வரும். ஆனால் மெதுவாக வளரும் வகையில் தொந்தரவு இல்லாதவர்களைக் கண்காணித்து மட்டும் வருவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். உடனே கீமோ கொடுத்தவர்களும் தேவைப்படும்போது கொடுக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே காலம் வாழ்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் கதிர்வீச்சே போதுமானதாக இருக்கலாம்.

மருந்து தொடங்கச் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டி 7 செ.மீ. அளவை எட்டியிருப்பது, மூன்று இடங்களில் தலா 3 செ.மீ. அளவுக்குக் கட்டிகள் இருப்பது, மண்ணீரல் வீங்கியிருப்பது, ரத்த அணுக்கள் குறைவது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்ப்பது யாருக்குத்தான் இல்லை? மருத்துவர் கேட்பது அந்த வியர்வையை அல்ல, மின்விசிறி ஓடும்போதும் சட்டையைப் பிழிய வைக்கும் வியர்வையை.

இதில் எந்த அளவுகோலால் உங்களுக்கு மருந்து தேவை என்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் நம் ஊர்க்காரர்கள் போய்வருகிற இடங்கள்தான்.

மூன்றாம் படி: ட்ரையல் இல்லையென்றால் என்ன தருவார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ட்ரையலை எடை போட முடியாது.

வழக்கமான சிகிச்சையின் நடுவில் நிற்பது ரிட்டக்ஸிமாப். சி.டி.20 அடையாளத்தைப் பிடித்து அந்த அணுக்களை அழிக்க உதவும் எதிர்ப்புரத மருந்து. அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்றது. 2007-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரெடிடக்ஸ் என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. இதோடு கீமோ சேரும். பென்டமஸ்டின் சேர்த்தால் 28 நாளுக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்து இரண்டு நாள், மொத்தம் ஆறு சுற்று. இன்னொரு வழி, சாப் என்று சுருக்கமாகச் சொல்லும் நான்கு மருந்துக் கூட்டு.

ஏன் சேர்த்துச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று பெரியப்பா கேட்டார். ஒவ்வொரு மருந்தும் அணுவை வேறு வழியில் தாக்கும் என்று விளக்கினேன். "ஒரே கண்ணு வலையில எல்லா மீனும் விழாதுல்ல" என்று அவரே முடித்துவிட்டார். பரவிய நிலையில் இந்த நோய் அடங்கிப் போய், சில வருடம் கழித்துத் திரும்பி வருவது வழக்கம். அடங்கியிருக்கும் காலத்தை நீட்டுவதும் பக்க விளைவைக் குறைப்பதும்தான் புதிய கூட்டு மருந்து ஆய்வுகளின் நோக்கம்.

இரண்டு பழைய ஆய்வுகளைத் தெரிந்துகொண்டால் புதியது புரியும். ஜெர்மனியில் 2003 முதல் 549 பேரைச் சேர்த்து, ரிட்டக்ஸிமாபோடு பென்டமஸ்டினா சாப் கூட்டா, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. நோய் திரும்பாமல் இருந்த காலம், நடுமதிப்பில், பென்டமஸ்டின் பக்கம் 69.5 மாதம், சாப் பக்கம் 31.2 மாதம். முடி கொட்டாதது வேறு. அன்றைக்குச் 'சோதனை' என்று பேசப்பட்டதுதான் இன்றைக்கு வழக்கமான சிகிச்சை. அடுத்தது 2018-ல் வெளிவந்தது. 1030 பேரில் ஒரு பாதிக்கு ரிட்டக்ஸிமாபோடு லெனலிடோமைடு என்ற மாத்திரை, மறுபாதிக்கு ரிட்டக்ஸிமாபோடு கீமோ. மூன்று வருடம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 77 சதவீதம், கீமோ பக்கம் 78. புது மருந்து ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. மாத்திரைப் பக்கம் தோலில் தடிப்பு அதிகம், கீமோ பக்கம் வெள்ளணு குறைவு அதிகம்.

ஆகவே புது மருந்து என்பதாலேயே அது மேல் என்று நினைத்துவிடாதீர்கள். எது மேல் என்று மருத்துவருக்கே தெரியாததால்தான் சீட்டுப் போடுகிறார்கள்.

பக்க விளைவை உங்கள் தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். இதை எந்தக் கோப்பிலும் எழுதமாட்டார்கள். சாப் கூட்டில் உள்ள வின்கிறிஸ்டின் விரல் நுனியை மரத்துப் போக வைக்கலாம். மேசை வேலை பார்ப்பவருக்கு அது சின்னத் தொல்லை. பெரியப்பா ஊசிக் கட்டையைப் பிடித்துக் கண் கோப்பதே விரல் உணர்வை நம்பித்தான். அவரைப் பொறுத்தவரை முடி கொட்டுவது ஒரு பொருட்டே இல்லை, விரல்தான் பிழைப்பு. மருத்துவரிடம் அதைச் சொன்னோம், அவரும் எழுதிக்கொண்டார். லெனலிடோமைடு கருவைப் பாதிக்கும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்கள் கட்டாயம் கருத்தடையில் இருக்க வேண்டும். ஆண்களுக்கும் ஆணுறை விதி உண்டு. கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

நான்காம் படி: படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு" என்று விரல் வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் காட்சி எனக்குப் பழக்கம். புறநோயாளிக் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு நாளில் பத்தே நிமிடத்தில் அப்படி வாங்கியபோது பக்கத்தில் நின்றவன் நான், ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு எதுவும் ஆகவில்லை என்றாலும், மூன்றாவது சுற்று வரைக்கும் தான் ஒரு ஆய்வில் இருப்பதே அவருக்குத் தெரியாது என்று பின்னால் தெரிந்தது. அதனால்தான் இந்தப் படியை நீட்டி எழுதுகிறேன்.

தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழுக் கலந்துரையாடலின்போதும் உடனிருக்க வேண்டும். சில புது மருந்து ஆய்வுகளில் கேமரா வைத்துப் பதிவு செய்வார்கள். மிரள வேண்டாம், அது உங்கள் பாதுகாப்புக்கு.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், நாமினி என்று கட்டங்கள் இருக்கும். நாமினி என்ற சொல்லைப் பார்த்ததும் பெரியம்மா அழுதுவிட்டார். "செத்துப் போவாருன்னு முடிவே பண்ணிட்டாங்களா?" ஆய்வினால் உயிரிழப்பு ஏற்பட்டால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான கட்டம் அது. எல்லோரிடமும் கேட்பார்கள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் இருக்கும்போது உடலுக்குக் கெடுதல் நேர்ந்தால் மருத்துவம் இலவசம், அது ஆய்வினால்தான் என்றால் இழப்பீடும் உண்டு. கடுமையான எதுவும் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மேலே தெரிவித்தாக வேண்டும்.

படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. எண் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு அது. பதிவு 2009 முதல் கட்டாயம். இணையத்தில் எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், எந்த ஊர்களில், யார் சேரலாம், எத்தனை பேர், நெறிமுறைக் குழு அனுமதி உண்டா என்று எல்லாம் வரும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது கையில் போனோடு இருந்தால் ஐந்து நிமிட வேலை. எண் இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை.

திரும்பிப் போகும்போது கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். பெரியப்பாவின் பள்ளி நோட்டுத் தாளில் இருந்தவை இவை. இது எத்தனையாவது கட்ட ஆய்வு? இந்தக் கூட்டு இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது? சீட்டில் எனக்கு எந்தப் பக்கம் விழலாம், பழைய சிகிச்சைப் பக்கமும் முழுச் சிகிச்சைதானா? மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டா? எந்த மருந்து இலவசம், எந்த ஸ்கேனுக்கு நான் பணம் கட்ட வேண்டும்? பஸ் காசு தருவார்களா? நடுவில் நிறுத்தினால் என் வைத்தியம் நின்றுவிடுமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான வைத்தியத்தை யாரும் மறுக்க முடியாது. மறுபக்கம், சேர விருப்பப்பட்டாலும் தகுதித் தேர்வில் நீங்கள் கழிக்கப்படலாம். சிறுநீரகம், இதயம், ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: பயணத்தையும் கடலையும் கணக்குப் போடுங்கள்

நம் ஊர்க்காரர்கள் ட்ரையலை விட்டு விலகக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல, தூரம். ஆறு சுற்றுக்கு ஆறு பயணம், ஒவ்வொன்றிலும் ஒரு இரவாவது தங்கல். பிறகு பராமரிப்பு என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரிட்டக்ஸிமாப், இரண்டு வருடம், பன்னிரண்டு முறை. ஆரம்பத் தகுதிச் சோதனைகள், நோய் உள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன்கள் எல்லாம் சேர்த்தால் 25 பயணத்துக்குக் குறையாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். சென்னை என்றால் ரயிலில், சேதுவிலோ போட் மெயிலிலோ ஒரு ராத்திரி. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு ஒருவருக்கும் உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஏப்ரல் 15-ல் முதல் சுற்று என்றால் அடுத்தது மே 13, மூன்றாவது ஜூன் 10. கூலி போகாமல் பாதிச் சிகிச்சை முடிந்துவிடும். அதற்காக நோயைப் பிடித்துக் காத்திருக்கச் சொல்லவில்லை. தேதியில் கொஞ்சம் நெளிவு சுளிவு இருக்குமானால் இதை மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் நோன்பு வைப்பவர்கள் ரமலான் எந்தச் சுற்றில் வருகிறது என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது. மாத்திரைக்கும் தண்ணீருக்கும் நேரம் உண்டு.

எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவமனைத் தேதி என்ன ஆகும் என்று தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. சிகிச்சை முடியும் வரை கடலுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் படி: சேர்ந்த பிறகு

முதல் பாட்டிலுக்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸுக்கான ரத்தச் சோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸை ரிட்டக்ஸிமாப் எழுப்பிவிடும், கல்லீரல் கெட்டு உயிரே போகலாம். முன்பே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது. எப்போதாவது காமாலை வந்து கீழாநெல்லி குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இப்போது குடிக்கும் எந்தக் கசாயத்தையும், சூரணத்தையும் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்.

முதல் நாள் முழு நாள். ரிட்டக்ஸிமாபை முதல்முறை மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், அரை மணிக்கு ஒரு தரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே. முன்னதாகப் பாராசிட்டமாலும் அலர்ஜி ஊசியும் போடுவார்கள். பெரியப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் தாடை கிடுகிடுவென்று அடித்தது. "ராத்திரி வாடைக் காத்துல வல்லத்துல படுத்த மாதிரி இருக்குப்பா" என்றார். செவிலியர் வந்து பாட்டிலை நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துக் குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்கினார். பலருக்கும் வருவதுதான், இரண்டாம் முறை வெகுவாகக் குறைந்துவிடும். நடுக்கமோ, மூச்சு இறுக்கமோ, அரிப்போ வந்தால் உடனே குரல் கொடுங்கள். பொறுத்துக்கொள்வதற்குப் பரிசு இல்லை. போர்வையும் ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீரும் எடுத்துப் போங்கள்.

வீட்டில் காய்ச்சல் மானி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பாராசிட்டமால் போட்டு அமுக்கவும் செய்யாதீர்கள். ஆய்வுக் குழுவின் எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டே பக்கத்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மதுரை வரை ஓட வேண்டியதில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. "கீமோவில் இருக்கேன்" என்பதுதான் அங்கே நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், ட்ரையல் அட்டையைக் காட்டுவது அடுத்தது.

கடற்கரைக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. கெளுத்தி முள், நண்டுக் கொடுக்கு, பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாறைக் கீறல். சாதாரண நாளில் இதையெல்லாம் நாம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். வெள்ளணு குறைந்திருக்கும்போது உப்புத் தண்ணீர்க் கிருமி அந்தக் கீறல் வழியாக ஏறினால் ஒரே நாளில் கால் வீங்கிவிடும். சிகிச்சைக் காலத்தில் மீன் அறுப்பதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம், நன்றாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரை தந்தால் காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணிப் பார்த்துத்தான் கணக்கெழுதுவார்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறந்தேன் என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டக் கூடாது.

பெரியப்பாவுக்குச் சீட்டில் விழுந்தது பழைய சிகிச்சை, பென்டமஸ்டின் பக்கம். அண்ணனுக்கு ஏமாற்றம். பெரியப்பா அலட்டிக்கொள்ளவில்லை, விரல் மரக்காது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆறு சுற்று முடிந்து ஸ்கேனில் நெறி எதுவும் ஒளிரவில்லை. இப்போது பராமரிப்பு ஊசியில் இருக்கிறார்.

மருந்தெல்லாம் முடிந்த பிறகும் சில வருடங்கள் ஆய்வுக் குழுவிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். நன்றாக இருப்பவர்கள்தான் அதை எடுப்பதில்லை. எடுங்கள், உங்கள் பதிலும் அந்தக் கணக்கில் சேர்கிறது. போன மாதம் பெரியப்பாவுக்கு அழைப்பு வந்தபோது பக்கத்தில் இருந்தேன். பசி எப்படி, எடை எப்படி, கை கால் மரப்பு உண்டா என்று அந்தப் பெண் வரிசையாகக் கேட்டார். "விரலு நல்லா இருக்கும்மா, கண்ணுதான் மங்குது, ஊசியில நூலு கோக்க ஆளு தேட வேண்டியிருக்கு" என்றார். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்கள்.